அசாதாரணக் கூட்டம்

லிஃப்ட் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஞாயிறு மாலை கீழ்த்தளத்தில் குடியிருப்போர் சங்கத்தின் ‘எக்ஸ்ட்ராஆர்டினரி ஜெனரல் மீட்டிங்’. எதற்கு என்று ஒரு வரிகூட இல்லை. தன் வீட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

காரணம் இருந்தது. அவள் ‘அண்ணி’ என்று கூப்பிடும் கணவனின் அக்கா சில மாதங்களாக அவர்களோடுதான் இருக்கிறாள். கல்யாண வாழ்க்கையை உதறிவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள். விருந்தாளி ஒரு மாதத்துக்கு மேல் தங்கக்கூடாது என்பது கட்டடத்து விதி. போதாததற்கு அண்ணிக்கு வெண்கலக் குரல். ஐந்தாம் மாடியில் போனில் பேசினால் மூன்றாம் மாடிக்கும் செய்தி போய்விடும்.

வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அந்த வார்த்தை அவளை விடவில்லை. அங்கே விற்பனைக்காரி, யார் எந்த ஃபிரேமைப் போட்டுப் பார்த்தாலும் “எக்ஸ்ட்ராஆர்டினரி சார்!” என்று உருகுவாள். அவளிடமே கேட்டாள்.

“அது நல்ல வார்த்தைதானே?”

“ஆளைப் பாத்துச் சொன்னா நல்லது. மீட்டிங்குக்குச் சொன்னா யாரோ வசமா மாட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம்.”

வீட்டில் கணவன், “சாதாரணமா நடக்காத ஏதோ நடந்திருக்கு, அதான்,” என்றான். அதற்கு மேல் யோசிக்கப் பயந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

அண்ணியும் தாளைப் பார்த்திருந்தாள். “இதுல யோசிக்க என்ன இருக்கு? எக்ஸ்ட்ரான்னு போட்டிருக்காங்க. இந்தக் கட்டடத்துல எக்ஸ்ட்ரா ஆள் நான்தானே!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடுத்த அறையைக்கூட எட்டவில்லை.

ஞாயிறு மாலை, கூட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தில், கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“என்ன அண்ணி இது?”

“என் தம்பி நாலு பேர் முன்னாடி தலைகுனியக் கூடாதும்மா. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே கிளம்பிட்டா மரியாதை.”

“எங்க போவீங்க?”

அண்ணி துணிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். வந்த புதிதில், இவள் எப்போது கிளம்புவாள் என்று அவள் உள்ளுக்குள் நினைத்ததுண்டு. இப்போது அவளே பெட்டியை இழுத்து மூடினாள். “நான் திரும்பி வர்ற வரைக்கும் கதவைத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்!” கணவனை அக்காவுக்குக் காவல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கீழ்த்தளத்தில் சங்கத்தின் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “கார் நிறுத்துற இடத்துக்குக் கீழ சாக்கடைக் குழாய் உடைஞ்சிருக்கு. வருஷாந்திரக் கூட்டம் வரைக்கும் தாங்காது. அதான் கூப்பிட்டேன்.”

“அப்ப எக்ஸ்ட்ராஆர்டினரின்னு போட்டது?” அவள் கேட்டே விட்டாள்.

“வருஷாந்திரக் கூட்டத்தைத் தவிர எப்பக் கூடினாலும் விதிப்படி அந்தப் பேருதாம்மா. வேற ஒண்ணுமில்ல.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இழவு வீடுபோல் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். குழாயை மாற்றச் சம்மதம் கேட்டபோது முதலில் உயர்ந்த கை அவளுடையதுதான்.

அந்தத் தைரியத்திலேயே எழுந்து நின்றாள். “என் நாத்தனார் எங்களோட இருக்காங்க. ஒரு மாசம் தாண்டியாச்சு. இனிமேயும் இருப்பாங்க. அதுக்கு என்ன செய்யணும்?”

“தண்ணி மோட்டார் ஓடலைன்னா என்னை வந்து உலுக்குவாங்களே, அந்த அம்மாவா? அவங்கதான் வீட்டு ஓனர்னு இல்ல நெனச்சேன்!” என்றார் செயலாளர். “விதி விருந்தாளிக்குத்தான். குடும்பத்து ஆளுன்னு பேரைச் சேத்துட்டா முடிஞ்சுது.”

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது, அக்காவும் தம்பியும் பெட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

“சாக்கடை!” என்றாள்.

“என்னது?”

“சாக்கடைக் குழாய் உடைஞ்சு போச்சு. அதுக்குத்தான் கூட்டம். உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணி!”

கணவன் அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மெல்லச் சுருங்கியது.

“அவ்வளவு நேரம் கூடியிருந்தாங்களே, என்னைப் பத்தி ஒருத்தர்கூடப் பேசலையா?”

“நான் பேசினேன்.”

“என்னன்னு?”

“இங்கதான் இருப்பாங்கன்னு.”

அண்ணி பெட்டியைக் காலால் கட்டிலடிக்குத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள். காலையிலிருந்து மூன்று பேருமே ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.