கோப்பை போச்சு, சிரிப்பு போகல

நான்கு பத்தி அகலத்துக்குத் தங்கையின் படத்தை விரித்து வைத்துவிட்டு, எங்கே வெட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான் அண்ணன். அந்த நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தை வடிவமைப்பது அவன் வேலை. மாலையில் முடிந்த கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை அலுவலகமே தொலைக்காட்சியைச் சுற்றி நின்று பார்த்திருந்தது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. கடைசி நேரத்தில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் அவள்தான் தவறவிட்டாள். ஊரே அண்ணாந்து பார்க்கும் பெண்ணுக்கு வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் பெயர். அதைத் தெரிந்துகொண்டு அவனையே 'குட்டி அண்ணன்' என்று கூப்பிட்டுக் கொண்டாடியவர்கள், ஆட்டம் முடிந்ததும் அவன் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக இருக்கைக்குத் திரும்பினார்கள்.

படத்தில் அவள் வாய் காது வரை விரிந்திருந்தது. கண்கள் இடுங்கி, பல்லெல்லாம் தெரிந்தது. பக்கத்தில் அணித்தலைவி அழுதுகொண்டிருந்தாள். யார் பார்த்தாலும், தோற்றுப்போய்ச் சிரிக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு மட்டும் அந்த முகத்தை முன்பே தெரியும். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு கை முறிந்தபோதும் அவள் முகம் இப்படித்தான் போனது. "விழுந்துட்டு இளிப்பு வேறயா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். கை வீங்கின பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வலி அளவு மீறினால் அந்த முகத்துக்கு அழத் தெரியாது. இன்றைய ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் குதித்து இறங்கும்போது அவள் முழங்கால் ஒரு பக்கமாக மடங்கியதை அவன் கவனித்திருந்தான். முழுப் படத்தைக் கீழே வரை பார்த்தால் எல்லாம் புரியும். வலது கால் தரையில் ஊன்றாமல் தொங்கியது. கை, அணித்தலைவியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"சார், அவ சிரிக்கல. கால்ல அடி. வலிச்சா அவ முகம் அப்படித்தான் போகும்" என்றான், பின்னால் வந்து நின்ற விளையாட்டு ஆசிரியரிடம்.

அவர் கெட்டவர் அல்ல. அவனுக்குக் குழந்தை பிறந்தபோது கேட்காமலே லீவு கொடுத்து அனுப்பியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன். படிக்கிறவன் நம்பணுமே? இந்தப் படம் இப்பவே எல்லார் போன்லயும் ஓடுது. நாம மட்டும் போடலன்னா, அண்ணன்காரன் உள்ள உட்கார்ந்து மறைச்சுட்டான்னு நாளைக்கு உங்களையும் சேர்த்துக் கிழிப்பாங்க. கஷ்டமா இருந்தா எழுந்திருங்க, வேற ஆளை வெச்சு முடிச்சுக்கறேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. தான் இருந்தால் தலைப்பையாவது சின்னதாக வைக்கலாம் என்று ஒரு நப்பாசை. வைத்தும் பார்த்தான். "என்னங்க இது, இரங்கல் செய்தி மாதிரி?" என்று ஆசிரியரே எட்டி எழுத்தைப் பெரிதாக்கினார். 'கோப்பை போச்சு, சிரிப்பு போகல!' பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போனது. "காலெல்லாம் எதுக்கு? முகத்துக்குக் கிட்ட போங்க." அவன் இடுப்போடு வெட்டினான்.

மறுநாள் ஸ்கேனில் முழங்கால் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. அணி நிர்வாகம் இரண்டு வரியில் அறிக்கை விட்டது. டயர் விளம்பரத்துக்கு மேலே கிடைத்த துண்டு இடத்தில் அதையும் அவன்தான் பொருத்தினான். உண்மை வெளியே வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நம்பினான். அதுவே அடுத்த குற்றமானது. ஒரு காலத்தில் தங்கை தன் அலமாரிக் கதவில் யாருடைய படத்தை ஒட்டி வைத்திருந்தாளோ, அந்த முன்னாள் வீராங்கனையே தொலைக்காட்சியில் சொன்னார்: "அடிபட்டா வெளியில வந்திருக்கணும். பேர் போயிடுமேன்னு அடிபட்ட காலோட ஆடி அணியையே கவுத்துட்டாங்க. அதுக்குப் பேரு சுயநலம்." பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கோ என்று அவளைத் திரும்ப உள்ளே அனுப்பிய பயிற்சியாளர், அதே நிகழ்ச்சியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா தொலைக்காட்சியை அணைத்தாள். "பெத்தவ நானே அந்த மூஞ்சியப் பார்த்து ஏமாந்தவ. ஊர்ல இருக்கறவங்களை என்னத்தச் சொல்ல?" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தங்கை சோபாவில் காலைத் தலையணைகள் மேல் நீட்டியிருந்தாள். மடியில் அந்தப் பேப்பர்.

"அண்ணா, இந்தப் பக்கம் நீ பண்ணதுதானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினான்.

"முழுப் படமும் உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதுல கால் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது, குட்டி."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் தேவலை என்றிருந்தது. சின்ன வயதில் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை விட்டெறிகிறவள். இப்போது பேப்பரை மடிப்பு மாறாமல் மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"சரி விடு. நீ பண்ணலன்னா வேற யாராவது பண்ணியிருப்பாங்க."

இரண்டு நாளாக அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான் அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டான், தூங்கினான். அவள் வாயிலிருந்து வந்ததும் அது ஒன்றுக்கும் உதவாமல் போனது. அவள் அவனை மன்னிக்கவில்லை. அவனிடம் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

வீக்கம் வடிந்ததும், தெருக்கோடியில் இருந்த பிசியோதெரபி கிளினிக்குக்கு அவளை அவன்தான் கூட்டிப்போனான். காரில் போகலாம் என்றான். நடந்து பழகச் சொல்லியிருக்காங்க என்றாள். ஊன்றுகோலை முன்னால் வைத்து வைத்து மெதுவாக வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் பேச்சு சட்டென்று நின்றது. ஒருவன் போனை உயர்த்தினான். "மேடம், ஒரு சிரிப்பு!" என்று எங்கிருந்தோ குரல் வர, நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பப் போன அண்ணனின் முழங்கையைப் பிடித்து, "வா" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் அவள் நடை மாறியது. தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, வலிக்கிற காலையும் சேர்த்து மடக்கி, எவ்வளவு குள்ளமாக முடியுமோ அவ்வளவு குள்ளமாகச் சுவரை ஒட்டி நடந்தாள். எதிரே வந்த எல்லோரும் அண்ணாந்துதான் பார்த்தார்கள். அவளை மறைத்துக்கொள்ளலாம் என்று அவன் சாலைப் பக்கமாக மாறி நடந்தான். அவன் தலை அவள் தோள் வரைக்கும்தான் எட்டியது.