படகு வந்துக்கிட்டிருக்கு

வெள்ளம் வடிந்த பிறகு அக்கா வெளியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் என்னிடம் மட்டும் பேசுவாள், அதுவும் ஜன்னலைச் சாத்திவிட்டு. கடையில் விரலால் காட்டுவாள். வாய் திறந்து கேட்பது என் வேலை. புது ஆளைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் எனக்கு வந்து வாய்த்த உத்தியோகம் இது.

"உங்கக்கா ஊமையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"தொண்டை கட்டியிருக்கு."

"இத்தனை நாளாவா? கட்டிக்கப்போறவன் குடுத்துவச்சவன்!"

கடையே சிரித்தது. தண்ணீரில் ஊறி உப்பிய கதவை இழைத்துக்கொண்டிருந்த தச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"நானும் ஒரு குரலைத்தான் தேடிட்டிருக்கேன். வெள்ளத்தன்னிக்கு போன் பண்ணினப்ப கன்ட்ரோல் ரூம்ல ஒரு பொண்ணு பேசுச்சே, படகு வந்துக்கிட்டிருக்கு, நகராதீங்கன்னு. இடுப்பளவு தண்ணி இருந்தப்பவே மேட்டுக்கு நடந்திருப்போம். அவ பேச்சை நம்பி கூரை மேலயே உக்கார்ந்தோம். கூரை இடிஞ்சு என் வீட்டுக்காரி போயிட்டா. எங்க கேட்டாலும் அந்தக் குரலைக் கண்டுபிடிச்சிடுவேன்."

உப்பைக் காட்டிய அக்காவின் விரல் அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தினாள். "அவர் குரல் எனக்கும் தெரியும்டி," என்றாள்.

அன்று படகுகள் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன. திறக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். அது வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அதுவரை அழைப்பவர்களுக்குச் சொல்ல கன்ட்ரோல் ரூம் அதிகாரி ஒரே வாக்கியத்தைக் கொடுத்திருந்தார். வேறு வார்த்தை கூடாது, ஜனங்கள் பதறிவிடுவார்கள் என்றார். பதமான குரல் என்றுதான் அக்காவை அங்கே தற்காலிக வேலைக்கு எடுத்ததே.

வெள்ளச் சாவுகள் பற்றிய அரசு விசாரணைக்கு முன்தினம் அதிகாரியின் டிரைவர் அக்காவைத் தேடி வந்து வாசலில் நின்றார். "அய்யா சொல்லச் சொன்னார். நீ வாயைத் திறக்காம இருந்தா உன் பேர் வெளிய வராது. வேலையும் நிரந்தரமாயிடும்."

பள்ளிக்கூட ஹாலில் விசாரணை. சுவரில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோட்டுக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நீர்த்துறை வானிலைத்துறையைக் கைகாட்டியது. வானிலைத்துறை வானத்தைக் கைகாட்டியது. கடைசியில் அதிகாரி எழுந்தார்.

"படகு வருதுன்னு சொல்லச் சொல்லி நாங்க யாருக்கும் சொல்லலை. போன்ல இருந்த ஊழியர் தானா சொன்னது."

"யார் அது?" பின்வரிசையிலிருந்து கேட்டது தச்சர்.

"விசாரிச்சுக்கிட்டிருக்கோம்."

அக்கா எழுந்துவிட்டாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"படகு வந்துக்கிட்டிருக்கு. இருக்கிற இடத்தை விட்டு நகராதீங்க."

அதே பதமான குரல். தச்சர் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இப்படியே சொல்லணும்னு சொன்னது இவர்," என்று அதிகாரியைக் காட்டினாள் அக்கா. "படகெல்லாம் கொட்டகையில பூட்டியிருந்துச்சு."

"அது அப்பவே உனக்குத் தெரியுமாம்மா?" என்றார் தச்சர்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"மொதல்ல தெரியாது. நீங்க ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப தெரியும்."

தச்சர் பிடித்திருந்த இருக்கையின் முதுகை விட்டார். பிறகு உட்கார்ந்தார்.

அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அக்காவுக்கு வேலை போயிற்று. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது வீட்டில் ஜன்னல் திறந்திருக்கிறது. அக்காவே கடையில் வாய் திறந்து கேட்கிறாள். "அரைக்கிலோ உப்பு." எல்லோரையும் கிண்டல் பண்ணும் கடைக்காரர் அவளிடம் மட்டும் பொட்டலத்தை நகர்த்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். கடைக்கு எதிர்வீட்டில் வேலை செய்யும் தச்சரின் இழைப்புளி அவள் குரல் கேட்டதும் நிற்கிறது. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை மறுபடி ஓடுவதில்லை.

கடையில் எனக்கு இனி வேலையில்லை. ஆனாலும் கூடப் போகிறேன். போகும் வழியெல்லாம் எதையாவது பேசிக்கொண்டே போகிறேன்.