பெட்டிக்குத் தைத்த உறை

கோணூசி சாக்கின் இரண்டு மடிப்பையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அவள் சணல் நூலை இழுத்து இறுக்கிப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்து முடித்த சாக்கை உதறாமல் மடித்துச் சுவரோரம் அடுக்கினாள். அந்தத் தெருவில் யாரும் எதையும் வீட்டுக்குள் உதறுவதில்லை.

காலை பத்து மணிக்குக் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. பல்பு எரிந்தது. ஜன்னல் இடுக்குகளில் சாக்குத் துண்டுகளைச் சுருட்டித் திணித்திருந்தாள். டி.வி.க்கு ஒரு துணி. தண்ணீர்க் குடத்துக்கு மூடி, மூடிக்கு மேல் ஒரு துணி. சுவர்க் கடிகாரத்துக்குப் பிளாஸ்டிக் தாள். கட்டிலில் கொசுவலைக்குள் நான்கு வயது மகள் படுத்திருந்தாள். வலைக்கு மேலே மெல்லிய பழைய சேலை ஒன்று விரித்திருந்தது.

குழந்தை மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது போதும். விசில் மாதிரி வந்தால் பரவாயில்லை. விசில் நின்றுபோனால்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"அக்கா! பெட்டி வந்துடுச்சு! சார் கீழ நிக்கிறாரு, சீக்கிரம் வா!"

பக்கத்து வீட்டுக்காரி. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பேச்சு நின்றால் கரண்ட் போய்விட்டதா என்று கேட்பார்கள்.

தெருவுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், நிலக்கரிக் கிடங்கு இருந்தது. கூரையும் இல்லை, சுவரும் இல்லை. வீடுகளைவிட உயரமாகக் குவியல்கள் மட்டும். லாரிகள் வந்து கொட்டின, வேறு லாரிகள் அள்ளிச் சென்றன. தெருப் பெண்கள் நான்கு வருடம் மனு எழுதினார்கள். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. பதினைந்து நாள் காற்றை அளப்பார்களாம். தூசி நூறைத் தாண்டினால் கிடங்கு முழுவதற்கும் கூரை போட்டுச் சுவர் எழுப்பிய பிறகுதான் கரி இறக்கலாம். தாண்டாவிட்டால் மனு தள்ளுபடி. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தக் கடிதம் மனப்பாடம்.

அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள். குழந்தையைத் தூசி இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரி டாக்டர். "எங்க சார் போறது?" என்று கேட்டாள். அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

தெருவில் கான்கிரீட் தளம் போட்ட வீடு அவளுடையது மட்டும். அதனால் காற்றை அளக்கும் பெட்டி அவள் மாடிக்கு ஏறியது. கண்ணாடி போட்ட மெலிந்த ஆள் ஒருவர் அதை முக்காலி மேல் நிறுத்தித் திருகினார். சாம்பல் நிறம், ஒரு முழ உயரம். மேலே குடை மாதிரி ஒரு சிறிய மூடி. சுவிட்சைப் போட்டதும் ஈ பறப்பதுபோல ஒரு சத்தம் எழுந்தது.

"இதுல வர்ற நம்பரை யார் சார் எழுதுவாங்க?"

"யாரும் எழுத வேண்டாம்மா. தானா ஆபீசுக்குப் போயிடும்." அவருடைய போன் அடித்தது. எடுத்து, "இன்னும் ஆறு இடத்துல சோதனை இருக்கு சார், ஒத்த ஆளு நானு" என்று சொல்லிவிட்டு வைத்தார். "ரொம்ப வெல உள்ள சாமான்மா. மழை படக் கூடாது, பிள்ளைங்க தொடக் கூடாது. உங்க பொறுப்பு. பத்திரமா பாத்துக்குங்க. மூணு நாளைக்கு ஒரு தடவ நான் வந்து பாப்பேன்."

"நீங்க கவலப்படாதீங்க சார்," என்றாள். "என் பிள்ள மாதிரி பாத்துக்குறேன்."

சாயங்காலம் மாடியேறிப் பார்த்தபோது பெட்டியின் தலையில் கரி படிந்திருந்தது. விரலால் தொட்டாள். விரல் கறுத்தது. ஒரு நாளிலேயே இப்படி என்றால் பதினைந்து நாளில் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். போன வருடம் அவளுடைய தையல் மெஷின் அப்படித்தான் நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, அடுப்புக்குள் வைத்திருந்தீர்களா என்று கேட்டான். இந்தப் பெட்டியும் பாதியில் நின்றால் இன்னொரு பெட்டிக்கு இன்னும் நான்கு வருடம்.

கீழே இறங்கினாள். குழந்தைக்குப் படுக்கை விரிப்பு தைக்க எடுத்து வைத்திருந்த காடாத் துணி டிரங்குப் பெட்டியில் இருந்தது. மாடிக்குப் போய்ச் சாண் போட்டு அளந்துகொண்டு வந்தாள். துணியை இரட்டையாக மடித்து, ஓரங்களைத் திருப்பி மடக்கித் தைத்தாள். மின்கம்பிக்கு மட்டும் ஒரு துளை விட்டு அதைச் சுற்றிக் காஜா எடுத்தாள். அடியில் சுருக்கு நாடா வைத்தாள். இருட்டுவதற்குள் உறை பெட்டிக்கு அளவெடுத்த சட்டை மாதிரி பொருந்தியது. ஈயின் சத்தம் சற்று அடங்கிக் கேட்டது.

வேலை முடிந்து வந்த கணவன் இருமிக்கொண்டே மாடியேறிப் பார்த்தான். கிடங்கில் அவனுக்குக் கரி அள்ளும் வேலை. கண்ணிமைகளின் ஓரத்தில் மை தீட்டியதுபோல் இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

"மூடிட்டா உள்ள காத்து எப்படிடி போகும்?"

"ஏன், நீங்க வாயில துணி கட்டிக்கிட்டுத்தானே வேலை பாக்குறீங்க? மூச்சு விடலையா?"

அவன் யோசித்தான். "விடுறேன்."

"அப்புறம் என்ன?"

அவன் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். "சார் ஏதும் சொல்ல மாட்டாரே?"

"மூணு நாள்ல வருவாருல்ல. அப்ப கேட்டுக்கலாம்."

மறுநாள் தெருவே மாடியேறி வந்து பார்த்தது. "பாவாடை மட்டும் தச்சா எப்படிக்கா? மேலுக்கு ஒரு ஜாக்கெட்டும் தச்சுப் போடு. ஆபீசுக்குப் போற பெட்டி, மானமா போகட்டும்," என்றாள் ரேடியோ. சிரித்தார்கள். ஒருத்தி துணியைத் தடவிப் பார்த்து, இரட்டைத் தையலா என்று கேட்டாள். இன்னொருத்தி தன் வீட்டு டி.வி.க்கும் இதேபோல ஒன்று வேண்டும் என்றாள்.

மூன்றாம் நாள் அவர் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. தினமும் சாயங்காலம் அவள் துடைப்பத்தோடு ஏறி உறைக்கு மேலே படிந்த கரியைக் கூட்டித் தள்ளினாள். ஒரு பிடி இருக்கும். உறையைச் சற்றே தூக்கிப் பெட்டியைப் பார்ப்பாள். வைத்தபடி இருக்கும். கிடங்கில் சூப்பர்வைசர் கணவனைக் கூப்பிட்டு, "உன் வீட்டு மாடியிலதான் எங்க தலையெழுத்து ஓடிக்கிட்டு இருக்காமே?" என்று கேட்டார். அவன் மண்வெட்டியைப் பார்த்தபடி நின்றான். 

ஒன்பதாம் நாள் விசில் நின்றது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். இரண்டு நாள் பெஞ்சில் இருந்தார்கள். ஆஸ்பத்திரி ஜன்னல்கள் திறந்திருந்தன, குழந்தை அங்கே வாயை மூடிக்கொண்டு தூங்கியது. திரும்பி வந்ததும் குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு மாடியேறினாள். உறை மீது இரண்டு நாள் கரி படிந்திருந்தது. அதைக் கூட்டித் தள்ளிய பிறகுதான் கீழே வந்து முகம் கழுவினாள்.

பதினாறாம் நாள் கண்ணாடிக்காரர் வந்தார். மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"இது என்னம்மா?"

"தூசி படாம இருக்கட்டும்னு சார். நானே தச்சேன்."

"எப்பலேருந்து?"

"நீங்க வச்சிட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே."

 கீழே ஒரு லாரி கரியைக் கொட்டியது. சரிந்து ஓய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் அவர் அப்படியே நின்றார். பிறகு நாடாவை அவிழ்த்து உறையைக் கழற்றினார். பெட்டி புதிதாக இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி கூட இல்லை.

"ஏன் சார், தப்பா எதுவும்..."

"இல்லம்மா."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தார். அதில் ஐந்து கட்டங்கள் இருந்தன. ஐந்து கட்டங்களிலும் ஐந்து வேறு தேதிகளைப் போட்டு ஐந்து கையெழுத்து வைத்தார். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, உறையை அவளிடம் நீட்டினார்.

"நல்லா தச்சிருக்கீங்க," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மனு மீதான விசாரணை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. பெண்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கின் மேனேஜர் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார். கண்ணாடிக்காரர் சுவரோரமாக நின்றார். அதிகாரி கோப்பைப் புரட்டிப் படித்தார்.

"பதினைந்து நாள் சராசரி, நாற்பத்தொன்று."

 ரேடியோகூடப் பேசவில்லை. மேனேஜரே திரும்பி அதிகாரியை ஒருமுறை பார்த்தார், சரியாகத்தான் கேட்டோமா என்பதுபோல.

"நாப்பத்தொண்ணா?" என்றாள் பின்பெஞ்சில் ஒருத்தி. "சார், என் புருஷன் துப்புனா கறுப்பா வருது சார்."

"அளவுல என்ன வந்திருக்கோ அதத்தான்மா நான் சொல்ல முடியும்."

பெட்டிக்கு உறை தைத்தவள் எழுந்தாள். கையில் துணிப்பை இருந்தது. எதற்காக அதை எடுத்து வந்தோம் என்று வரும் வழியில் அவளுக்கே தெரியவில்லை. பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு ஒரு வார்த்தை சொல்வார்கள், அப்போது காட்டலாம் என்று இருக்கலாம்.

"சார், அது... நான் மூடி வச்சிருந்தேன் சார்."

"எத?"

"பெட்டிய. தூசி பட்டு வீணாப் போயிடக் கூடாதுன்னு, உறை தச்சுப் போட்டேன்."

முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடக்க முடியாமல் மேனேஜரின் தோள் குலுங்கியது. அவள் பைக்குள்ளிருந்து உறையை எடுத்து மேசை மேல் வைத்தாள். அதிகாரியின் தாள்கள் மேல் பொலபொலவென்று கரி உதிர்ந்தது. வெளிப்பக்கம் தார் பூசியதுபோல இருந்தது. அவள் அதை உள்வெளியாகத் திருப்பினாள். உள்ளே துணி கடையில் வாங்கியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது.

அதிகாரி சிறிது நேரம் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"கருவிய ஐந்து முறை நேர்ல பரிசோதிச்சதா இங்க கையெழுத்து இருக்கு. எந்தத் தடையும் இல்லைன்னு எழுதியிருக்கு." சுவர்ப் பக்கம் திரும்பினார். "போனீங்கல்ல?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "போனேன் சார்."

"உறை இருந்துச்சா?"

துடைத்த கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். "நான் போனப்ப இல்ல சார்."

"சார்!" என்றாள். "நீங்கதானே உங்க கையால கழட்டுனீங்க? நல்லா தச்சிருக்கேன்னு கூடச் சொன்னீங்களே சார்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அளந்தது தப்புன்னா எழுத்துல குடுங்கம்மா," என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. "பெட்டி மொத்தம் ரெண்டுதான் இருக்கு. வரிசையில உங்க முறை வரும்போது திரும்ப வைப்போம்."

"எப்ப சார் வரும்?"

அவர் மணியை அடித்தார். உதவியாள் ஈரத்துணியோடு வந்து மேசையைத் துடைத்தார். துணி ஒரே இழுப்பில் கறுத்தது. மடித்து மறுபக்கத்தால் துடைத்தார்.

வீடு வரும்வரை பெண்கள் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தெரு முனையில் ரேடியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுக்கா. என் வீட்டு மாடியில வச்சிருந்தா நானும் மூடித்தான் வச்சிருப்பேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எனக்கு இவ்வளவு நல்லா தைக்க வராது. அதனால தப்பிச்சிருப்போம்," என்றாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பத்து நாளில் கிடங்கின் வாசலில், தெருவைப் பார்த்தபடி, ஒரு பலகை எழும்பியது. பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து: இப்பகுதியின் காற்றுத் தரம் நன்று. கீழே அதிகாரியின் ஆணை எண், தேதி. அதே வாரம் கிடங்கில் இரவு ஷிப்டும் தொடங்கியது. பலகை வைத்த முதல் நாள் மத்தியானத்துக்குள் எழுத்து தெரியாமல் போயிற்று. சூப்பர்வைசர் அவள் கணவனைக் கூப்பிட்டார். அவன் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனான். அவர் அவன் தோளில் கை வைத்தார். நெஞ்சு சரியில்லாத ஆளுக்கு லேசான வேலை ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள் கிடங்கு வாசலைக் கடந்தாள். அவன் ஏணியின் மேல்படியில் நின்று ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூக்கிலும் வாயிலும் துணி கட்டியிருந்தான். ஒவ்வொரு எழுத்தாகப் பச்சையும் வெள்ளையும் வெளியே வந்தன. ஏணிக் காலில் மாட்டியிருந்த வாளியில் தண்ணீர் மசியாக இருந்தது.

"அந்த 'நன்று' இன்னும் தெரியலப்பா," என்றார் கீழே நின்ற சூப்பர்வைசர். "கொஞ்சம் அழுத்தித் துடை."

அவன் இருமல் அடங்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு துணியைப் பிழிந்து, அழுத்தித் துடைத்தான்.