அத்தையைக் கழித்த பிறகு

மாலை வகுப்பில் ஆளுக்கொரு நிலநடுக்கமானி கொடுத்தார்கள். ஒரு வாரம் வீட்டுத் தரையில் வைத்து, ஊருக்கு மேற்கே பதினாறு கிலோமீட்டரில் ஓடும் நிலப்பிளவின் அசைவு ஒன்றையாவது பிடிக்க வேண்டும். பிடித்தால்தான் பிளவோரம் கருவி புதைக்கப் போகும் குழுவில் இடம். எனக்கு அந்த இடம் வேண்டும்.

என் பதிவில் நானூற்றுப் பன்னிரண்டு அசைவுகள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். நானூற்றுப் பதினொன்று. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

ஆசிரியை தாளைப் பார்த்தார். "தினமும் மூணு மணிக்கா? பூமிக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாதும்மா. பிளவிலேர்ந்து வந்தா வேகமான அலை முதல்ல, மெதுவானது ரெண்டு செகண்ட் கழிச்சு வரும். இதுல ரெண்டும் ஒண்ணா வருது. ஆள் உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பிரிச்சு எடுத்துட்டு வா."

மூன்று மணிக்கு வீட்டில் இருப்பது அத்தை மட்டும். முட்டிவலி என்று ஆறு மாதமாகப் படியேறாதவர். ஈரத்துணிக் கூடையை மாடிக்குச் சுமப்பது நான்.

மறுநாள் மூன்று மணிக்குக் கதவைத் திறந்தேன். அத்தை கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டு வரமாட்டியாடி?"

தாளை நீட்டினேன். "எல்லாம் பதிவாயிருக்கு அத்தை."

"இதெல்லாம் நானா?" முகத்தில் பெருமை. "உங்கப்பாகிட்ட சொல்லிடாதே. துணிக்கூடை என் தலையில விழும்."

"இப்ப என் தலையில இருக்கே!"

"உனக்குச் சின்ன வயசு."

அத்தையும் என் ரத்தம்தான். தினமும் எத்தனை தாண்டல் என்று காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தார். அதை நாள் நாளாகக் கூட்டினோம். மொத்தம் நானூற்றுப் பதினொன்று. நான்தான் முதலில் தப்பாக எண்ணியிருக்கிறேன் என்று தாளை மடிக்கப் போனேன்.

"இருடி. உன் தாள்ல போன வியாழக்கிழமை ஏன் ஒண்ணு இருக்கு? அன்னிக்கு நான் தாண்டவே இல்லை. முட்டி நிஜமாவே வலிச்சுது."

வியாழன், மூன்று மணி ஏழு நிமிடம். இரண்டு அலைகள், நடுவே இரண்டு விநாடி. அளவுகோலை வைத்து ஐந்து முறை அளந்தேன்.

வெள்ளிக்கிழமை இடம் கிடைத்தது. சனிக்கிழமை குழு கிளம்பியது. "இன்னிக்குத் துணியை யார் மாடிக்குத் தூக்கறது?" என்றார் அப்பா. அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் பையிலிருந்து தாளைப் பாதி வெளியே இழுத்தேன்.

"நானே தூக்கறேன்," என்றார் அத்தை.