எண்ணெய் கலக்காத பெட்ரோல்

மாமனாரின் மரம் அறுக்கும் மெஷினுக்கு மாப்பிள்ளையைவிடப் பத்து வயது அதிகம். வீட்டில் மரியாதையும் அந்தக் கணக்கில்தான். அதற்கு இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜின் சில நிமிடங்களில் இறுகிச் செத்துவிடும்.

டேங்க்கை நிரப்பிக் கொடுத்த பிறகுதான் மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. ஷெட்டில் இருந்த இரண்டு கேன்களும் ஒரே பச்சை. தான் ஊற்றிய கேனிலிருந்து ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு ஊதினான். எண்ணெய் இருந்தால் கறை நிற்கும். காகிதமோ கல்லூரியில் அவன் கொடுத்த விடைத்தாள் போல வெள்ளையாகக் காய்ந்தது.

வெளியே ஓடினான். மாமனார் மெஷினை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"மாமா, இழுக்காதீங்க." காய்ந்த காகிதத்தை நீட்டினான். "வெறும் பெட்ரோல ஊத்திட்டேன்."

மாமனார் கயிற்றை விட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவனுடைய முழங்கால்கள் தனித்தனியாக நடுங்கின.

"பயந்துட்டீங்களா மாப்ள?"

"கொஞ்சம், மாமா."

"நல்லது. பெரிய மாப்பிள்ளையும் இதே மாதிரி ஊத்தினாரு, பயப்படல, கமுக்கமா இருந்துட்டாரு. புது பிஸ்டன் வர நாலு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் அவரும் இந்தப் பக்கம் வரல."

டேங்க்கைக் கவிழ்த்துக் காலி செய்தார்.

"எண்ணெய எடுத்துட்டு வாங்க. நீங்களே கலக்குங்க, நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்."

நின்றிருந்த நடுக்கம் மறுபடி தொடங்கியது.