பாவாத்தாளுக்கு ஜீரோ வாட்

நாச்சிமுத்துவின் தோட்டத்து வீட்டுக்குக் கரண்டுக் கம்பி வரவில்லை. அதனால் அங்கே பேச்சு கேட்காது. வாய் அசையும், சத்தம் வராது. கரண்டு இல்லாத வீட்டில் வேறு எப்படி இருக்கும்? ஊருக்குள் இருந்தவரை அவருக்கு இது உறைக்கவில்லை. காட்டுக்குள் வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் தாராபுரத்தில் தங்கராசின் சோலார் கடைக்குப் போனார். கடையில் கரண்டு இருந்தது. தாராளமாகப் பேச முடிந்தது.

"ஒரு நாளைக்கு உங்க வீட்டுல எவ்வளவு பேச்சு ஓடுமுங்ணா?" என்று தங்கராசு கேட்டார்.

"மாட்டு யாவாரம் இருக்குது. வரப்புச் சண்டை இருக்குது. மாப்பளகிட்டப் போன்ல வேற பேசோணும். நான் கொஞ்சம் நல்லாவே பேசுவேனுங்க."

"அக்கா?"

"அவ என்ன பேசப்போறா? ஒரு ஜீரோ வாட் பல்பு அளவுக்கு வெச்சுக்கங்க."

தங்கராசு அப்படியே வைத்துக்கொண்டார்.

"மூணு தினுசு இருக்குதுங்ணா. பேட்டரி இல்லாதது, பேட்டரி வெச்சது, அதோட ஜெனரேட்டரும் சேந்தது. மொதல்ல பேனல மட்டும் மாட்டிப் பாருங்க. வெயிலிருக்கற வரைக்கும் பேசலாம்."

பேனலை மாட்டினார்கள். வீட்டுக்குச் சத்தம் வந்தது. நாச்சிமுத்து நாளெல்லாம் பேசித் தீர்த்தார். ஒரு மத்தியானம் அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் மனைவி பாவாத்தாள் சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு..."

மேகம் வந்து சூரியனை மறைத்தது. பேச்சு அறுந்தது. நாச்சிமுத்துவுக்கு வந்ததே கோபம். வாசலுக்கு ஓடி, அண்ணாந்து, அந்த மேகத்தைச் சத்தமில்லாமல் திட்டினார். மேகம் விலகி, அவர் திரும்பியபோது பாவாத்தாள் மாட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மீதி என்னவாக இருக்கும்? இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஆரம்பித்ததே இல்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது தினுசை வாங்கினார். பெரிய பேட்டரிகள், அவற்றை நிரப்ப ஒரு கன்ட்ரோலர், பக்கத்தில் ஒரு இன்வெர்ட்டர். இனி இருட்டிய பிறகும் பேசலாம். ஆனால் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அது கெட்டுப்போகும். பாதி வந்ததும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். மீதிப் பாதி விதைநெல் மாதிரி உள்ளேயே கிடக்கும். நாச்சிமுத்து வரப்புச் சண்டையை விவரித்து முடிப்பதற்குள் தினமும் பாதி வந்துவிட்டது. பாவாத்தாள் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஜெனரேட்டரும் வந்தது. டீசல் ஊற்றினால் விடிய விடியப் பேச்சு வரும். ஆனால் ஜெனரேட்டரே பெருங்குரலில் பேசியது. அதற்கும் வரப்புச் சண்டை இருந்தது போலும். பாவாத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் அவர் தன் வாயை மூடிக்கொண்டார். உள்ளதெல்லாம் அவளுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். போனைக்கூட எடுக்கவில்லை. அவளோ, அவர் பேசட்டும் என்று காத்திருந்தாள். பேட்டரி நிரம்பியது. கன்ட்ரோலர் அதற்குமேல் வெயிலை உள்ளே விடவில்லை. சூரியன் போக இடமில்லாமல் கூரைக்கு மேலேயே நின்றுவிட்டது.

கோழிகள் அடையவில்லை. மாடுகள் கொட்டகைக்குத் திரும்பவில்லை. நாச்சிமுத்து தாராபுரத்துக்குப் போனார். அங்கே கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

"ரொம்பிப்போச்சுங்ணா. செலவு பண்ணுனாத்தான் எறங்கும்" என்றார் தங்கராசு.

"என்னத்தப் பேசறது?"

"அது கடையில கெடைக்காதுங்ணா."

அவர் திரும்பி வந்தார். உச்சி வெயிலில் பாவாத்தாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாட்டைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் பேச ஏராளம் இருந்தது. அவர் அதையெல்லாம் விட்டுவிட்டார்.

"அன்னிக்குப் பாதியில நின்னுபோச்சே, பாவாத்தா. அதச் சொல்லு."

"அது நிக்கலீங்க. நான் சொல்லி முடிச்சுட்டேன். நீங்கதான் மேகத்தப் பாத்துட்டு இருந்தீங்க."

கூரைக்கு மேலிருந்து சூரியன் மெதுவாக இறங்கியது. மாடுகள் தாமாகவே திரும்பி வந்தன.

நாச்சிமுத்து உள்ளே போய் இன்வெர்ட்டரை அணைத்தார். ஃபேன் நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு, அவள் வாயையே பார்த்தபடி உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

பாவாத்தாள் கீரையைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.