கோராகு வாரத்தில் வெட்டுக்கிளி

எங்கள் ஜெருசலேம் யூத ஜெப ஆலயத்துக்கு மதகுருவாக ஒரு ரப்பி தேடியபோது நாங்கள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மதியத்துச் சோலண்ட் குழம்பு ஆறுவதற்குள் சனிக்கிழமை ஓய்வுநாள் பிரசங்கம் முடிய வேண்டும். ஆழம், அறிவு எல்லாம் அவரவர் சௌகரியம்.

சோதனைப் பிரசங்கத்துக்கு ஆண்ட்வெர்ப்பிலிருந்து வியாழக்கிழமை வந்து இறங்கினார் அன்ஷெல். கூடவே மனைவி, பிள்ளைகள், கயிறு கட்டிய பெட்டிகள். வேலை கிடைத்தால் ஜெப ஆலயத்தின் மாடி வீடு. கிடைக்காவிட்டால் மாமனார் வீட்டுக் கூடம். மாமனாரை அவர் ஏற்கெனவே அனுபவித்தவர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

சனிக்கிழமை காலை தோரா என்ற வேதச் சுருளை விரித்தார்கள். வாரத்துக்கு ஒரு பகுதி என்று வரிசையாக வாசிப்பது வழக்கம்; அந்த வாரப் பகுதி கோராகு. மோசேயின் பதவிக்கு ஆசைப்பட்டவனைப் பூமி வாய் திறந்து விழுங்கிய கதை. முதல் வரியிலேயே அன்ஷெல் வெளுத்துப்போனார். எனக்குப் புரிந்துவிட்டது. வெளிநாட்டில் பண்டிகை ஒரு நாள் கூடுதல். இந்த வருஷம் அந்த நாள் ஓய்வுநாளில் விழுந்ததால், அங்கே எங்களைவிட ஒரு பகுதி பின்தங்கிவிட்டார்கள். விமானத்தில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தவர், பகுதியைத் திருப்பி வைக்கவில்லை.

முந்தைய பகுதிக்கு மனப்பாடம் செய்த பிரசங்கம் மட்டுமே கையிருப்பு. மேடையேறினார்.

"கானானை வேவு பார்த்தவங்க, எங்க கண்ணுக்கே நாங்க வெட்டுக்கிளியாத் தெரிஞ்சோம்னாங்க. அன்பர்களே, வெட்டுக்கிளியா இருக்காதீங்க!"

முன் பெஞ்சில் நிர்வாகி ஃபைவிஷ் ஒரு கண்ணைத் திறந்தார். "ரப்பி, வெட்டுக்கிளி போன வாரமே வந்துட்டுப் போயிடுச்சே!"

யாரோ சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் அன்ஷெலின் மனைவி திரையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அன்ஷெல் ஃபைவிஷ் பக்கம் திரும்பினார். "வந்துச்சுல்ல? அப்ப சொல்லுங்க, என்ன பாடம் கத்துக்கிட்டீங்க?"

ஃபைவிஷ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என்னைப் பிடித்துக்கொண்டார். "டேய், யுனிவர்சிட்டி! நீ சொல்லேன்."

"போன வாரத்துல எனக்குச் சாப்பாட்டுல வந்த உருளைக்கிழங்கு குகல்தான் ஞாபகம் இருக்கு மாமா. உப்பு கம்மி."

"அதான் மறுபடியும் சொல்றேன்" என்றார் அன்ஷெல். சொல்லிவிட்டு உட்கார்ந்தும்விட்டார்.

சாப்பாட்டில் ஃபைவிஷ் கண்ணைத் துடைத்தார். "என்ன ஆழம்டா! இத்தனை வருஷத்துல எந்த ரப்பியும் நம்மள இவ்வளவு அழகா அவமானப்படுத்தினதில்ல."

"மாமா, அவர் பகுதியை மாத்தி..."

"வாயை மூடிட்டுத் தின்னு."

ஓய்வுநாள் முடிந்ததும் மாடி வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அன்ஷெல் சரியான பகுதியோடுதான் வந்தார். மேடைப்படியிலேயே ஃபைவிஷ் மறித்தார். "போன வாரத்துதுதானே ரப்பி? அதுக்காகத்தானே உங்களை எடுத்தோம்?"

அன்ஷெல் தலையாட்டினார். போன வாரக் கோராகுவை எடுத்து, பதவி ஆசை மனிதனை எப்படி விழுங்கும் என்று உருக்கமாகப் பேசினார். மாடியில் அவர் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது.

வெளிநாட்டுக்காரர்கள் கோடையில் இரண்டு பகுதிகளைச் சேர்த்து வாசித்து எங்களை எட்டிவிட்டார்கள். எங்கள் ரப்பி இன்னும் எட்டவில்லை. எட்டினால் வீடு போய்விடும்.